கிளிமீன் தூங்குவதைப் பார்த்தவனுக்கு

கலவான,
12.08.2007

அன்பு மகன் சதீஸுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி துஷ்யந்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மாலைதீவில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே விடாத மழை, தேயிலைக் கொழுந்தும் நிறைய, அட்டைக்கடியும் நிறைய. தங்கச்சி டவுனில் தையல் பழகுகிறாள், உனக்கொரு சட்டை தைத்திருக்கிறாள், ஒரு கை கொஞ்சம் நீளம், வந்தால் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்.

உன் கடிதமும் மீன் படமும் கிடைத்தன. படத்திலிருந்த அதே மீனை அடுத்த கிழமை நேரிலேயே பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் மஷூரின் பெட்டியில் நீலமும் பச்சையுமாக, கிளிமூக்கு வாயோடு கிடந்தது. சிங்களத்தில் கிரவா, அதாவது கிளி என்கிறார்கள். சாயம் பூசிய மீன் என்று நம் லயத்து வீடுகளில் ஒருவரும் தொடவில்லை. நான்தான் முன்னால் போய் நீ எழுதியதையெல்லாம் சொன்னேன். பல்லெல்லாம் ஒன்றாய் ஒட்டித்தான் அந்த மூக்கு, அதால் பவளப்பாறையைக் கறுக்குமுறுக்கென்று சுரண்டிப் பாசியைத் தின்னும், கூடவே போன கல்லை மாவாய் அரைத்து வெளியே விடும், வெள்ளைக்காரர்கள் படுத்து வெயில் காய்கிற மணல் பெரும்பாலும் அதன் கழிவுதான் என்றேன். பெண்ணாய் இருந்தது பிறகு ஆணாய் மாறித்தான் இந்த நிறம் எடுக்கும் என்றதும் உன் தங்கச்சி, "அப்ப அடுத்த வருஷம் நான்தான் அண்ணன்" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இராத்திரியில் வாயிலிருந்து கோழை விட்டு, உடம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பை மாதிரி கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கும், பக்கத்தில் போய் டோர்ச் அடித்தாலும் அசையாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. கடலுக்கடியில் டோர்ச் அடித்தது யார்? ஹோட்டல் குசினியில் சமையல் வேலை என்றுதானே எழுதியிருந்தாய்?

மகனே, குக்குலே கங்கை வெள்ளம் அப்பாவைக் கொண்டுபோன வருஷம், இனித் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று மாரியாத்தா முன்னால் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீ. இந்த மீன் விஷயம் புரிந்த அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. கோபத்தில், உடனே புறப்பட்டு வா என்று நாலு வரி எழுதி ஒட்டி, தபாலில் போடச் சொல்லி மஷூரிடம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் விஷயத்தைக் கேட்டார். அவருடைய மச்சான் வெலிகமையில் வண்ணமீன் பிடிக்கக் கடலுக்குள் இறங்குகிறவராம். "என்னத்துக்கு அக்கா பயப்படுறீங்க, தனிய இறங்க ஏலா, ஜோடி போட்டுத்தான் போவாங்க. கீழ போறது லேசி, மேல வாற நேரம்தான் அவசரப்படாம பைய வரணும்" என்றார். பிறகு மெதுவாக, "பொய் சொன்னது பிழைதான். ஆனா அந்த இருட்டுல நின்னு ஒரு மீன் தூங்குறத பாத்திருக்கானே" என்றார்.

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். குசினியைப் பற்றி எழுதிய ஒன்றிலும் இந்தச் சந்தோஷம் இல்லை. நான் எழுதியதை அடுப்பில் போட்டேன். வெள்ளிக்கிழமை பூசாரி இராமசாமியிடம் சொல்லி, தேங்காய் உடைத்து, அந்தச் சத்தியத்தை நானே திருப்பி எடுத்துக்கொண்டேன். "அவனுக்கு இனிக் கட்டு இல்ல தாயே, கூட இருந்து பாத்துக்க" என்றேன். நடுக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், நீயும் இனி எனக்குப் பொய் எழுதாதே.

தடிமன், சளி இருந்தால் இறங்காதே, உன்னோடு இறங்குகிறவன் பெயரை எனக்கு எழுது, அவனுக்கும் சேர்த்து விளக்கேற்றுவேன். மாரியாத்தா உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும். மேலே வரும்போது மட்டும் அவசரப்படாதே மகனே, நாங்கள் எங்கேயும் போய்விடமாட்டோம்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
அன்னலெட்சுமி