மேகம் மூடிய நாள்களில் நான் நிறுத்தியது

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவைப் பற்றி அப்படி எழுதத்தான் பேனா நகரவில்லை.

மூச்சுக்காற்று தரும் இயந்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று, மூக்கில் குழாயோடுதான் தூங்குகிறாள். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் புகை பிடிப்பது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அம்மா குழாயை நகர்த்திவிட்டு, "எங்க தெருக்கோடியில ஒருத்தி நிக்கிறா டாக்டர், நாள் பூரா ஊதித் தள்ளுறா" என்றாள். மின் நிலையத்துப் புகைபோக்கியைத்தான் சொன்னாள். அதற்கு மாமியார் என்று பேர் வைத்து, கொடியில் காயும் துணியில் கரி படியும்போதெல்லாம், மாமியார் வேலையைக் காட்டிட்டா என்று திட்டுவாளே, ஞாபகம் இருக்கிறதா. டாக்டர் சிரித்தார், நான் படத்தை உறைக்குள் போட்டேன்.

நான் அந்த மின் நிலையத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும், தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் புகையிலிருந்து சாம்பலைப் பிடித்து நிறுத்தும் இயந்திரத்துக்கு இருபத்தாறு வருஷம் நான்தான் ஆப்பரேட்டர். அது ஓடவும் நிறைய மின்சாரம் வேண்டும். சுற்றிலும் புதுப்புது ஆலைகள் வந்தன, இருக்கிற கரண்ட் போதவில்லை. மேகம் மூடிய நாளில் புகை யார் கண்ணுக்கும் தெரியாது, கொஞ்ச நேரம் அதை நிறுத்து, அந்தக் கரண்டும் ஆலைக்குப் போகட்டும் என்பார் மேலதிகாரி. நிறுத்தினேன். ஊரில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது, நீயும் படித்தாய், நான் வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் இரண்டாவது புகைபோக்கிக்காகப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள். எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு வெல்டர், மகனுக்கு அங்கே வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவர், "சம்பளம் வாங்கினப்ப தெரியலையா பெரியவரே, எங்க வயித்துல அடிக்கத்தான் இப்ப வாய் வந்துச்சா" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, உட்கார்ந்துவிட்டேன். சம்மதம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் மண்டபமே தூக்கியது.

அடுத்தவர் சொல்லி அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "சின்னக்குட்டி என் வயித்துல இருந்தப்பவும் நிறுத்தினீங்களா?" ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை, உன் அத்தைதான் வந்து ஊட்டிவிட்டுப் போகிறாள்.

நீ சின்ன வயதில் மூச்சு இழுப்பில் தவித்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தவனும் நான்தான். ஃபோனில் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது, அதனால்தான் கடிதம். திட்டுவதானால் நேரில் வந்து திட்டு, ஆனால் சீக்கிரம் வா, அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புறப்படும் முன் நீயும் ஒரு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிடு, மறந்துவிடாதே. என் ஆசி இனி உனக்கு வேண்டுமோ என்னவோ, நீங்கள் மூவரும் நல்ல காற்றும் நல்ல மூச்சுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும். பேத்தியைத் தூக்கிக் கொஞ்ச ஆசையாகத்தான் இருக்கிறது. அவளை மட்டும் இங்கே கூட்டி வராதே.

இப்படிக்கு,
உன் அப்பா