என் பக்கத்துப் படுதா

1958 நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. எதிர்க்கடைக்காரர் மழைக்குப் பயந்து கடை வாசலில் சாக்குப் படுதாவை இறக்கினார். ஈரச் சாக்கு வாடை. அடுத்து நினைவு வந்தபோது கையில் சோற்றுக் கரண்டியோடு நடுத்தெருவில் நிற்கிறேன். எப்படி வந்தேனோ!

ஐப்பசி வெள்ளத்தில் எங்கள் பஸ் ஓடையில் சரிந்ததிலிருந்து இப்படித்தான். அன்றும் மழை. பஸ்ஸின் இரு பக்கத்துப் படுதாக்களையும் இறக்கிக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். இருட்டு, தண்ணீர். பக்கத்தில் இருந்த பூக்கார அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் வெளியே வந்தேன். அவர் வரவில்லை.

இவர் சொல்வது: "ஒடம்புல ஒரு கீறல் கூட இல்ல ரோசி. இன்னும் என்னத்துக்குப் பயம்?" கீறல் இருந்தால் காட்டியிருப்பேன்.

திங்களன்று திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவார்கள். வத்தலக்குண்டிலிருந்து போக பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை.

நவ. 12, புதன்

மாமியார் (இனி மா.) வைத்தியம். "பயந்த புள்ளைக்கு மூஞ்சில தண்ணி அடிச்சாத் தெளிஞ்சிரும்." வெளிக்காற்று ஆகாதாம். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மாதா கோயில் தீர்த்தத்தைச் செம்பு நிறைய எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் சடாரென்று முகத்தில்!

கத்தினேன். செம்பைத் தட்டிவிட்டேன். செம்பு நசுங்கியது, அதற்கும் பழி என் மேல். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே, "அம்புட்டுச் சத்தம் போடுதுன்னா அது காத்துக் கருப்புதான்க்கா."

கோபம் கோபமாக வந்தது. ஆனால் என் தலையைத் துவட்டியது மா.தான். துவட்டும்போது அழுததும் அவர்தான்.

நவ. 14, வெள்ளி

வாங்க வேண்டியது: வெங்காயம், சோப்பு, மண்ணெண்ணெய், இவருக்குச் செருப்பு வார்.

வெயில். கொல்லைக் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, ஒரு வாளி இறைத்து நானே தலையில் ஊற்றிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. முகத்தில் அடித்துப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை! பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டி, "என்ன டீச்சர், சளி புடிக்கவா?" சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

ஆக, தண்ணீர் பாவம். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. மூடி வைப்பதுதான் எனக்கு ஆகவில்லை. பாடம் நடத்துகிறவளுக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லையே!

இவரிடம் சொன்னேன். "அதெப்புடி? தண்ணிலதான முங்குன?"

"முங்குனது தண்ணில. மூச்சு முட்டுனது படுதாவுக்குள்ள."

தலையைச் சொறிந்தார். "பேசாம வேலைய விட்டுட்டு நிம்மதியா வீட்ல இரேன்."

"வீட்டுக்குள்ளயே கெடக்குறதுக்குப் பேரு நிம்மதியா?"



நவ. 16, ஞாயிறு

பூசை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். ஏறவில்லை, பார்த்தேன். மல்லிகை வாசனை வந்ததும் முழங்கையில் அந்தப் பிடி. அங்கேயே நின்றேன். செத்த நேரத்தில் விட்டது. அந்தப் பூக்கார அம்மாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

"நாளைக்கு நானும் கூட வாரேன்" என்றார் இவர். வந்தால் என்னைப் பிடித்து உட்கார வைப்பார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நவ. 17, திங்கள்

போனேன்!

செம்பட்டி தாண்டியதும் மழை. கண்டக்டர் வந்தார். "டீச்சர், செத்த தள்ளுங்க, படுதாவ இறக்கணும்."

"என் பக்கத்துப் படுதா இறங்காது."

"நனைஞ்சிருவீங்களே!"

"நனையுறேன்."

பின்சீட்டுக்காரர் கத்தினார், "இந்தம்மாவுக்காக நாங்களும் நனையணுமா?"

எழுந்து திரும்பினேன். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்தது. "அண்ணே, முன்னாடி எடம் இருக்கு, போய் உக்காருங்க. ஓடையில கவுந்த பஸ்ல இருந்தவ நான்."

அவர் எழுந்து முன்சீட்டுக்குப் போனார். கண்டக்டர் மற்ற படுதாக்களை மட்டும் இறக்கினார். கட்டி முடித்துவிட்டு என் பக்கம் குனிந்து, "எல்லாம் உருவு முடிச்சுதான் டீச்சர். இழுத்தா வந்துரும்" என்றார். அவருக்குப் புரிந்திருக்கிறது.

அந்த ஓடைப் பாலம் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெளியே பார்த்தேன். ரோடு தெரிந்தது, புளியமரம் தெரிந்தது. முகமெல்லாம் மழை. பாலம் முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் பெரிய சிஸ்டர், "என்ன கோலம் இது?"

"பஸ்ல வந்தேன் சிஸ்டர்." அதற்கு மேல் விளக்கம் இல்லை. நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன்.

திரும்பி வந்ததும் மா. துண்டோடு நின்றார். பஸ்ஸில் நடந்ததைக் கேட்டுவிட்டு, "மூஞ்சில தண்ணி அடிச்சாத் தெளியும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஆமா அத்தே." சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

இதை எழுதும்போதும் சாரல் உள்ளே அடிக்கிறது. மா. ஜன்னலைச் சாத்த வந்தார். கதவில் கை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். சாத்தவில்லை. தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டுப் போனார்.