மூன்று சென்சாரும் இருபத்தொன்று என்றன

அன்பு மகன் தௌலத்பேக்குக்கு அப்பா குதாநசர் எழுதுவது. இதை யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். அதனால் ஓரெழுத்து யாக் மாடு போலவும் அடுத்தது கொசு போலவும் இருந்தால் பொறுத்துக்கொள். என் வரிகள் மேலே மேலே ஏறுகின்றனவே என்று, எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு ஆசிரியை சொல்கிறார். நம் மலை ஊரில் வேறு எங்கே போகும் என்றேன். இங்கே எல்லோரும் நலம், உன் அம்மாவின் முழங்கால் ஒன்றுதான் நலமில்லை. துஷான்பேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கூரையில் அமைத்துவிட்டுப் போன வெயில் வெந்நீர்ப் பெட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அம்மா விறகுப் புதர் வெட்ட மலை ஏறக் கூடாது என்றுதானே அதைச் செய்தாய்? சூடு அளக்க நீ விட்டுப்போன கூரைச் சென்சாரையும் தொட்டிச் சென்சாரையும் மட்டும் நானே மாட்டினேன். கூரை சூடானதும் பம்பு ஓடி அந்தச் சூட்டைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும், தொட்டியின் சூட்டைக் கன்ட்ரோலர் காட்ட வேண்டும். அது இருபத்தொன்று என்று காட்டியது. எண் படிக்கத் தெரிந்த பெருமையில் தெருவுக்கே வாசித்துக் காட்டினேன். ஆனால் குளிக்க வந்தவர்கள் எல்லோரும், தண்ணீர் கொதிக்கிறது, உங்கள் மகன் நூறு வயது வாழட்டும் என்றார்கள். உன் மாமா அய்யூப் பல் கிடுகிடுக்க வெளியே வந்து, "என்ன சூடு மச்சான், தோலே உரிஞ்சிடும் போல!" என்றான். இத்தனை பெரிய மனிதர்கள் ஒருபக்கம், குண்டூசி அளவு இரும்பு மறுபக்கம். நான் யாரை நம்புவேன்? சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை இஷ்காஷிம் சந்தைக்குப் போய், பாசிமணி போல இருந்த, இரண்டு கால் நீட்டிய மலிவுச் சென்சார் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் மாட்டினேன். அதுவும் இருபத்தொன்று என்றது. அடுத்த சனிக்கிழமை கடைக்காரர் பிளாட்டினம் உள்ள வெள்ளைச் சென்சாரைக் கையில் வைத்து, "பெரியவரே, இது அடுப்புக்குள்ள போட்டாலும் உண்மையத்தான் சொல்லும்" என்றார். அதைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் சிறு மின்பலகையையும் சேர்த்துத் தந்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன், இருபத்தொன்று. மூன்றும் கூடிப் பேசிக்கொண்டன போலிருக்கிறது. நீங்கள் குளித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். விருந்தாளிகள் எல்லோரும் முடித்த பிறகுதானே வீட்டுக்காரன் குளிப்பது, எனக்குச் சில்லென்றுதான் இருந்தது, அதற்குள் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சந்தை லாரி சீக்கிரம் வந்துவிட்டதால், நான் வந்ததே வீட்டில் தெரியாது; வெள்ளைச் சென்சாரை மாட்டிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போனேன். தொழுவத்துக்குப் பின்னால் உன் அம்மா புதரை எரித்துப் பானையில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் பானைக்கு முன்னால் நின்று மறைத்தாள். தொட்டித் தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று தினமும் சொன்னாயே என்றேன். "புள்ள செஞ்சுட்டுப் போனது, ஐஸா இருக்குன்னு எப்படிச் சொல்வேன்? முன்னேன்னா உங்ககிட்டயாவது சொல்லியிருப்பேன். இப்போ உங்களுக்கு எழுதத் தெரியும், உடனே அவனுக்கு எழுதிடுவீங்க" என்றாள். நான் படித்ததற்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை இது.

அப்போதே கூரை ஏறினேன். தப்பு அங்கேதான் இருந்தது, அதுவும் என்னுடையது. குளிர் தாங்காதே என்று, பிறந்த ஆட்டுக்குட்டிக்குச் செய்வது போல, கூரைச் சென்சாருக்குக் கம்பளி சுற்றித்தான் குழாயில் கட்டியிருந்தேன். பாவம், அதற்குச் சூடு எங்கே தெரியும்? அது பம்பை எப்படி ஓடச் சொல்லும்? கம்பளியை அவிழ்த்து, சென்சாரைச் செப்புக் குழாயோடு ஒட்டிக் கட்டி, கம்பளியை அதற்கு மேல் சுற்றினேன். ஆனால் மறுநாள் உச்சி வெயிலில் கூரையிலிருந்த உன் சென்சாரின் ஒயர் இளகிவிட்டது. அதனால் பிளாட்டினத்தைக் கூரையில் கட்டினேன், தொட்டிக்கு உன்னுடைய இன்னொரு சென்சாரே திரும்பி வந்துவிட்டது. மலிவுச் சென்சார் தயிர்ப் பானைக்குப் போய்விட்டது, அங்கே அது ஒழுங்காக இருக்கிறது.

மாலையில் எண் நாற்பத்தெட்டு காட்டியது. நான் யாரையும் கூப்பிடவில்லை, உன் அம்மாவை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றேன். சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. "யோவ் கிழவா, என்னை உசுரோட அவிக்கப் பாக்கிறியா!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை, தௌலத்பேக். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. இன்று அவள் மலைக்குப் போகவில்லை.

பனி விழுமுன் குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டுமா என்று மறக்காமல் எழுது, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன் கைவேலைக்கு நல்ல பேர் தரட்டும். வரும் வாரம் லாரி போகும்போது இன்னொரு கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பா,
குதாநசர்