எர்த் பட்டைக்கு அடியில் பூசிய பச்சை

ஓசூர்,
18-11-1992

அன்புள்ள மகன் ராமப்பனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும்போது நம் பழைய காரின் விளக்கைக் காட்டி, "பல்புக்கு ஒரு ஒயர்தானே போவுது, கரண்டு திரும்பி வர வழி எங்கப்பா?" என்று கேட்டாய். காரின் இரும்பு உடம்புதான் திரும்பும் வழி, அதைப் பேட்டரியோடு சேர்ப்பது இந்த எர்த் பட்டை என்று தொட்டுக் காட்டினேன். என்னிடம் படித்தவர்களில் அவ்வளவு சீக்கிரம் அதைப் புரிந்துகொண்ட பிள்ளை வேறு இல்லை. அதனால்தான் இதை எழுத மனசு கசக்கிறது.

ஆயுத பூஜை முடிந்து நீ மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு, உன் பெரியம்மாவைப் பார்க்க ராயக்கோட்டைக்குக் கிளம்பினோம். கம்பெனிக்கு லீவு போட்டு உன் தம்பி முனிவேல் ஓட்டினான். சானமாவுக் காட்டருகே யானை கடக்கிறது என்று முன்னால் லாரிகள் நின்றதால் வேகத்தைக் குறைத்தான். உடனே எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இல்லை, ஹாரன் இல்லை, விளக்கும் இல்லை. பயத்திலும் உன் அம்மா, "ஏனுங்க, அந்த யானைக்குங்கூடத்தான் ஹாரன் இல்ல, அது எப்படிப் போவுது பாருங்க" என்றாள். தக்காளி ஏற்றி வந்த டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு வெங்கடசாமியின் போனில் நீ பேசினபோது இதைச் சொன்னேன். "நான் போட்ட புதுப் பேட்டரிய வித்துட்டுப் பழச மாட்டியிருப்பான். கம்பெனிப் பசங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தாம்பா" என்றாய். உன் குரல் பெரிது. முனிவேல் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "டயரையும் மாத்திட்டனான்னு கேளுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். அந்த வாரமே பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மத்திகிரியில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான். தீபாவளிக்கும் வரவில்லை. சுட்ட அதிரசத்தை உன் அம்மா அப்படியே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

வகுப்பில் ஒரு பையன் பதில் சொல்லாவிட்டால் அவனைக் கேட்கலாம். வகுப்பு மொத்தமும் வாயடைத்துப் போனால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வண்டியில் எல்லாமே ஒன்றாகப் போனதால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டிப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நீ வாங்கியதேதான், நல்ல பேட்டரி. எர்த் முனையில் இருந்த ஒயரை மட்டும் எடுத்துக் காரின் உடம்பில், துரு சுரண்டிய இடத்தில் வைத்தேன். எரியவில்லை. எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் இரும்பே தெரியாமல் நீ தேர்ந்தெடுத்த பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட். பூஜைக்கு ஒரு விரல் இடம்கூடத் துருவாகத் தெரியக்கூடாது என்று பட்டையை நீயே கழற்றி, பெயிண்டர் அடித்து முடித்ததும் நீயே முடுக்கினாய். போல்ட்டின் மரை வழியாகக் கரண்டு சில நாள் ஓடியிருக்கிறது, குலுங்கிக் குலுங்கி அதுவும் விட்டுப்போயிற்று. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன், ஹாரன் தெருக்கோடி வரை கேட்டது. கேட்க வேண்டியவன்தான் வீட்டில் இல்லை.

மத்திகிரிக்குப் போய் முனிவேலிடம் விவரம் சொன்னேன். எனக்கு டீ போடச் சொன்னான், வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கிளம்பும்போது, "நீங்க கண்டுபுடிச்சீங்க, சரி. அண்ணன் இன்னும் அதத்தானப்பா நெனச்சிட்டிருக்கும்" என்றான். போன ஞாயிறு நீ மறுபடியும், "பேட்டரிய ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டாய். வெங்கடசாமி வீட்டார் முன்னால் வாய் திறக்க விரும்பாமல் போனை வைத்துவிட்டேன். கடல் தாண்டி உட்கார்ந்து பேட்டரிக்குத் தீர்ப்புச் சொன்ன நீ, உன் கையால் முடுக்கிய போல்ட்டை ஒரு தரம் நினைத்துப் பார்க்கவில்லையே.

உனக்கும் மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வெயிலில் அலையாதே. மத்திகிரி முகவரி பின்பக்கம் இருக்கிறது. எனக்குப் பதில் போட வேண்டாம். ஒரு தாள் எடுத்து, "முனிவேலு, தப்பு என்னுடையது" என்று முதல் வரி எழுதி, நேராக அவனுக்கே தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணப்பன்