பின் சீட்டின் பள்ளம்

17.3.1996, ஞாயிறு

பின் சீட்டு அமுங்கியிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ஃபேக்டரியில் கொடுத்த செட்டில்மென்ட் பணத்தில், டிக்கி வைத்த பெரிய கார் வாங்கி வாடகைக்கு விட அப்பாவுக்கு ஆசை. கொரட்டூரில் ஒரு புரோக்கர் இந்த வண்டியைக் காட்டினார்.

“டாக்டர் ஒருத்தரே ஓட்டுனது, அண்ணாத்தே. இம்மாம் பெரிய காரு இந்த வெலைக்கு எங்க கீது? இன்னா பாப்பா, சீட்டயே பாத்துகினு கீற?”

அப்பா சிரித்தபடி கூரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எட்டாவதோடு நின்றதிலிருந்து அம்பத்தூரில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். ஒருவர் மட்டும் ஓட்டிய வண்டியில் பின் சீட்டு அமுங்காது. இது டாக்சியாக ஓடித் தேய்ந்த வண்டி.

அப்பா முன்பணம் எடுக்கப் பையைத் திறந்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.