மூன்றாவது டிக்

போதும், ஏழு வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன். நேற்று உன் வீட்டம்மா கொடுத்தனுப்பிய கோப்பைத் திறந்தேன். நீ கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை அதிலிருந்து இன்னும் போகவில்லை. உள்ளே நம் பழைய தாள்கள்.

தறிக்குழியில் உட்காரும் பலகையை உயர்த்தினால் நெசவாளிகளின் முதுகுவலி குறையுமா? அதுபற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தேடியெடுத்து எடைபோடும் வேலையில் நாம் இறங்கினோம். ஒவ்வொரு கட்டுரையையும் நாம் இருவரும் தனித்தனியே படித்து, பெயர் போடாத தாளில் 'சேர்' அல்லது 'விடு' என்று டிக் அடிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பு. சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுவோம். டீக்கு மட்டும் சமாதானம்.

அந்தக் குவியலில் என் ஆய்வும் ஒன்று. என் தெருக்காரர்களின் பலகையை உயர்த்தி, வலி குறைந்தது என்று எழுதியது. அது விடுபட்டது. 'விடு' அடித்தது நீதான் என்று நினைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, பலகை உயர்த்தாதவர்கள் யாரும் அதில் இல்லையாம். மிஞ்சியவற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆரணியில் நெசவாளர் கூட்டத்தில் அந்த முடிவை நீதான் எழுந்து சொன்னாய். முன்வரிசை அம்மா ஒருவர் கேட்டார்: "இத்தினி காயிதம் படிச்சிட்டு, தெரியலன்னு சொல்லவா சார் வந்தீங்க?"

"ஆமாங்கக்கா. தெரிஞ்ச மாரி பேசிகினு உங்க பலகைய ஒடைக்கறதுக்கு இது மேல் இல்லீங்களா?"

கூடமே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே எனக்குப் பட்டது. எழுந்து வந்துவிட்டேன். பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில், "பேஜார் பண்ணாதடா, வா, டீ சாப்டலாம்" என்று கூப்பிட்டாய். நான் திரும்பவில்லை. நீ இறந்த அன்றும் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன்.

உன் தாளில் என் கட்டுரைக்கு நேரே உன் டிக் இல்லை. "இவன் என் சிநேகிதன். நான் சொல்லக் கூடாது. மூன்றாமவர் பார்க்கட்டும்" என்று பென்சிலில் எழுதியிருந்தாய். பக்கத்தில், 'விடு' கட்டத்தில், மூன்றாமவரின் டிக். என் தாளிலோ சொந்தக் கட்டுரைக்கு நானே 'சேர்' என்று அழுத்தி அடித்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. சொன்னால் அந்த மனுஷரோடும் நான் சண்டைக்குப் போவேன் என்றுதானே வாயை மூடிக்கொண்டாய். போயிருப்பேன்தான்.

இப்போதெல்லாம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் யாராவது கேட்டால், "தெரியவில்லை" என்று கூசாமல் சொல்ல வருகிறது. அந்தக் குரல் உன்னுடையது.

இதை உன் வீட்டு முகவரிக்கே அனுப்பப்போகிறேன். கையெழுத்துப் போடப்போவதில்லை, அடியில் ஒரு டிக் மட்டும். நம் தாள்களில் யார் பெயர் போட்டோம்? டிக்கின் சாய்வைப் பார்த்தே என்னுடையது என்று நீ சொல்லிவிடுவாய்.