அக்கா கொண்டுவந்த கவுன்

மார்ச் 9, ஞாயிறு.

மகளுக்கு இன்று எட்டாவது பிறந்தநாள். ஆறுமுகநேரியிலிருந்து அக்கா ஒரு கவுனோடு வந்தாள். உப்பளத்துக் கூலியில் என்னை வளர்த்தவள். இன்னும் அந்த வேலைக்குத்தான் போகிறாள்.

"இந்தா மருமவளே, போட்டுக் காட்டு" என்றாள்.

மகள் போடவில்லை. கவுனை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள். "எவ்வளவு அத்தை?"

"நானூறு ரூவாம்மா."

"ஏமாந்துட்டீங்க. எங்க கடையில இது இருநூறுதான். ரெண்டு தடவ தொவைச்சா பிரிஞ்சிரும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பாராட்டுவேன் என்று. காசின் அருமை தெரியட்டும் என்று ஞாயிறுதோறும் என் துணிக்கடையில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்ததுதான் அத்தனையும்.

அக்கா சிரித்தாள். "ஏலே, உம் மவ பொழச்சுக்கிடுவா." சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்றுவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கைச்செலவுக்கு ஐநூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை. "நல்ல நோட்டுதானாலே? திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு ஏறிவிட்டாள்.

வீட்டில் கவுன் நாற்காலியிலேயே கிடந்தது. மடித்து வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். கை தானாக உள்பக்கம் திருப்பியது. பிள்ளை சொன்னது சரிதான், இருநூறுக்கு மேல் பெறாது.